மேற்கையில் தொங்கும் தோல்: இயந்திரம் போதுமா, அறுவை வேண்டுமா?

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். உங்களுக்கு வயது 47, ஊர் அம்பாசமுத்திரம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இரைப்பையைச் சுருக்கும் அறுவை செய்துகொண்டீர்கள். 101 கிலோவாக இருந்த எடை 68 கிலோவுக்கு இறங்கி, கடந்த ஏழு மாதங்களாக அங்கேயே நிற்கிறது. முழங்கால் வலியும், படியேறும்போது வந்த மூச்சிரைப்பும் போய்விட்டன. ஆனால் இரண்டு மேற்கைகளிலும் பின்பக்கத் தோல் அக்குளிலிருந்து முழங்கை வரை தளர்ந்து தொங்குகிறது; ஜாக்கெட்டின் கை ஒரு பக்கம் பிதுங்குகிறது, இன்னொரு பக்கம் தொளதொளக்கிறது என்கிறீர்கள். தை மாதம் மகளுக்குத் திருமணம். அதற்குள் ‘கத்தியின்றி, வலியின்றி, ஆறு அமர்வுகளில்’ சரிசெய்து தருவதாக விளம்பரம் செய்யும் ஓர் அழகு நிலையத்துக்குப் போகலாமா, இல்லை அறுவைதான் வழியா என்பது உங்கள் கேள்வி. மதினி விளக்கெண்ணெய் தேய்க்கச் சொல்வதையும், இந்த வயதில் இது தேவைதானா என்று வீட்டுக்காரர் கேட்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறீர்கள். இவை எல்லாவற்றுக்கும் அடியில் நீங்கள் உண்மையாகக் கேட்பது, தழும்பு விழாமல் இந்தத் தோல் போகுமா என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. நீங்கள் விவரிக்கும் அளவுக்குத் தளர்ந்த தோலுக்கு அப்படியொரு வழி இன்றைய மருத்துவத்தில் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் முறை. ஏன் இல்லை என்பதையும், தழும்பை ஏற்பதா வேண்டாமா என்று நீங்கள் முடிவெடுப்பதற்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதையும் இனி விரித்து எழுதுகிறேன்.

நான் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியில் படித்து, சென்னையில் பிளாஸ்டிக் சர்ஜரி பயின்று, இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பாளையங்கோட்டையில் அறுவை செய்துவருகிறேன். என் வேலையில் பெரும்பகுதி தீக்காயமும் சாலை விபத்தும்தான். அடுப்புத் தீயில் வெந்த கையும், பட்டாசில் கருகிய விரலும், ஆறிய பின் இழுத்துக்கொண்ட கழுத்தும் தினமும் வருவதால், நம் பகுதி மக்களின் தோல் எப்படி ஆறுகிறது, எப்படித் தழும்பேறுகிறது என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். எடை குறைந்தபின் மிஞ்சும் தோலை அகற்றும் அறுவைக்கு ஆட்கள் அடிக்கடி வரத் தொடங்கியது கடந்த பத்து ஆண்டுகளில்தான். ஆகவே கத்தியைப் பற்றியும் தழும்பைப் பற்றியும் நான் சொல்பவை கைப்பழக்கத்தில் அறிந்தவை. இயந்திரங்களை வைத்து நான் தொழில் செய்யவில்லை. அவற்றைப் பற்றிய என் அறிவு, அச்சாகியுள்ள ஆய்வுகளைப் படித்தும், அவற்றைச் செய்துகொண்டு பிறகு என்னிடம் வந்தவர்களைப் பார்த்தும் பெற்றது. உங்கள் கையைத் தொட்டுப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தோலைக் கிள்ளிப் பார்க்காமல் எந்த மருத்துவரும் இதில் கடைசித் தீர்ப்பு சொல்ல முடியாது.

மேற்கையின் பின்புறம் தொங்குவது ஒரே சதைபோலத் தெரிந்தாலும், அங்கே தோல், அதன் கீழே கொழுப்பு, அதற்கும் கீழே முழங்கையை நீட்டும் தசை என்று மூன்று அடுக்குகள் இருக்கின்றன. எந்த அடுக்கு மிகுந்திருக்கிறது, எது மெலிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே சிகிச்சை மாறும். இதை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். கண்ணாடி முன் நின்று, கையைத் தோள் உயரத்துக்குப் பக்கவாட்டில் தூக்கி, முழங்கையைச் செங்கோணமாக மடக்குங்கள். தொங்கல் அக்குளை ஒட்டியே நிற்கிறதா, முழங்கை வரை ஓடுகிறதா, அக்குளைத் தாண்டி மார்பின் பக்கவாட்டிலும் இறங்குகிறதா என்று பாருங்கள். அதன்பின் உள்ளங்கையை மேசைமேல் ஊன்றி நன்றாக அழுத்துங்கள். பின்புறத் தசை இறுகி உள்ளே போய்விடும். அப்போது மறு கையின் விரல்களுக்கிடையே கிள்ளிப் பிடிக்க வருவது தோலும் கொழுப்பும் மட்டுமே. அது மடித்த வேட்டித் துணிபோல மெல்லியதாக இருந்தால் தோல்தான் மிகுதி; தடித்து உருண்டு வந்தால் கொழுப்பும் தங்கியிருக்கிறது. 33 கிலோ இழந்தவர்களிடம் நான் பெரும்பாலும் காண்பது நிறையத் தோல், கொஞ்சம் கொழுப்பு, மெலிந்துபோன தசை. ஒரு கை மட்டும் பெருத்திருந்தாலோ, கட்டி தட்டுப்பட்டாலோ, தொட்டாலே கொழுப்பு வலித்தாலோ, அது வேறு நோயாக இருக்கக்கூடும். அழகுச் சிகிச்சையைப் பற்றி யோசிக்குமுன் பொது மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

தோல் ஏன் தானாகச் சுருங்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். தோலின் உள்ளடுக்கில் கொலாஜன் என்னும் நார் அதற்கு உறுதியையும், எலாஸ்டின் என்னும் நார் இழுத்தால் மீளும் தன்மையையும் தருகின்றன. கொலாஜனை உடல் வாழ்நாள் முழுவதும் உருவாக்கிக்கொண்டே இருக்கும். வயது ஏற ஏற அது குறையும், ஆனாலும் நிற்பதில்லை. எலாஸ்டின் அப்படியன்று. அதன் பெரும்பகுதி கருவிலும் குழந்தைப் பருவத்திலும் அமைந்துவிடுகிறது. பிற்காலத்தில் அறுந்த எலாஸ்டின் நார்களைப் பழையபடி பின்னித் தர உடலுக்குத் தெரியாது. பதினைந்து, இருபது ஆண்டுகள் விரிந்தே இருந்த தோலில் இந்த நார்கள் சிதைந்திருக்கும். அதனால்தான் பிள்ளை பெற்ற இருபது வயதுப் பெண்ணின் வயிறு ஓரளவு உள்வாங்குகிறது, நாற்பதைக் கடந்து எடை குறைத்தவரின் கை உள்வாங்குவதில்லை. நீங்கள் எதையும் செய்யத் தவறியதால் வந்த குறை இல்லை இது. எடை குறையத் தொடங்கியதிலிருந்து ஓராண்டு, ஒன்றரை ஆண்டு வரை தோல் தன்னால் இயன்ற அளவு சுருங்கும். உங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. இனி தானாகச் சுருங்குவது மிகச் சொற்பம்.

இந்தக் காரணத்தை அறிந்துகொண்டால், மற்ற வழிகளை எடைபோடுவது எளிது. மதினி சொல்லும் விளக்கெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தோலின் வறட்சியைப் போக்கும், மினுமினுப்புத் தரும், அரிப்பைத் தணிக்கும், தாராளமாகத் தேய்க்கலாம். ஆனால் எண்ணெய் தோலின் பரப்பைக் குறைக்காது. ‘இறுக்கும்’ களிம்புகளுள் மருத்துவச் சான்று உள்ளது டிரெட்டினாயின் போன்ற வைட்டமின் ஏ வகைதான். அது பல மாதங்களில் மெல்லிய சுருக்கங்களைச் சிறிது குறைக்கும், தொங்கலைத் தூக்காது. எரிச்சலும் கருமையும் உண்டாக்கக்கூடும் என்பதால் மருத்துவர் சொல்லாமல் பூசக்கூடாது. கருவுற்ற பெண்கள் அதைத் தொடவே கூடாது.

உடற்பயிற்சியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் அதை ஒரேயடியாக நம்புகிறவர்களையும் ஒரேயடியாகத் தள்ளுகிறவர்களையும் பார்க்கிறேன். எடை வேகமாகக் குறையும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. கையை நீட்டும் அந்தப் பின்புறத் தசையைத் திரும்ப வளர்த்தால் உள்ளிருந்து தோலுக்குச் சிறிது நிரப்பு கிடைக்கும், கையின் வடிவும் திருந்தும், குடம் தூக்கவும் பேரப்பிள்ளையைத் தூக்கவும் வலு வரும். சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தலைக்குப் பின்னால் பிடித்து முழங்கையை நீட்டுவது ஆகியவற்றை வாரத்துக்கு மூன்று நாள், மூன்று மாதம் விடாமல் செய்யுங்கள். உணவில் புரதம் போதாமல் இந்தத் தசை வளராது. இரைப்பை அறுவை செய்துகொண்டவர்களுக்கு நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. இட்லியும் சொதியுமாக ஒப்பேற்றினால் அது கிடைக்காது. முட்டை, மீன், பயறு, மோர், கடலை என்று கணக்குப் பார்த்தே சாப்பிட வேண்டியிருக்கும். தசை வளர்வது உறுதி. தோல் குறையாது என்பதும் அதே அளவுக்கு உறுதி.

இப்போது விளம்பரத்தில் நீங்கள் பார்த்த இயந்திரத்துக்கு வருகிறேன். ‘ஆர்.எஃப்.’ என்று சொல்லப்படுவது ரேடியோ அலையால் தோலின் உள்ளடுக்கைச் சூடாக்கும் கருவி. ‘ஹைஃபு’ என்பது அல்ட்ராசவுண்ட் அலையை ஆழத்தில் ஒரு புள்ளியில் குவித்துச் சூடேற்றுவது. மேல்தோலைக் குளிர்வித்துக்கொண்டே உள்ளே ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தை உண்டாக்கினால் கொலாஜன் நார் சுருங்கும். அந்தச் சிறு காயத்தை ஆற்றும் முயற்சியில் உடல் புதிய கொலாஜனைப் படியவைக்கும். இவ்வளவும் ஐயமற்றது. பலன் உடனே தெரியாது. மூன்று முதல் ஆறு மாதங்களில் மெல்ல வரும். ஐயத்துக்கு இடமானது, கண்ணுக்குத் தெரியும்படி கை எவ்வளவு இறுகும் என்பதுதான். கைகளில் செய்யப்பட்ட ஆய்வுகள் சிறியவை, சில மாதங்களே தொடர்ந்தவை. அவற்றில் சேர்க்கப்பட்டவர்களும் பெரும்பாலும் லேசான, நடுத்தரமான தளர்ச்சி உடையவர்கள். குவித்த அல்ட்ராசவுண்டை எடுத்துக்கொண்டால், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதற்குப் புருவத்தை உயர்த்த 2009இலும், கழுத்துக்கும் தாடையின் அடிப்பகுதிக்கும் 2012இலும், மேல்மார்பின் சுருக்கங்களுக்கு 2014இலும் அனுமதி தந்தது. அந்த மூன்று அனுமதிகளிலும் மேற்கை இல்லை; கைத்தோலின் தளர்ச்சிக்கு அனுமதி கிடைத்தது அண்மையில்தான். கையில் செய்யவே கூடாது என்று இதற்குப் பொருளில்லை; ஆனால் முகத்துக்குக் கிடைத்த சான்றைக் காட்டியே நெடுங்காலம் கைக்கு விற்றார்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

ஜாக்கெட் தைப்பவரிடம் கேட்டால் இதை இன்னும் தெளிவாகச் சொல்வார். கசங்கிய துணியை இஸ்திரிப் பெட்டி நேராக்கும். நான்கு விரல் அதிகமாக வெட்டிய கையை எந்த இஸ்திரிப் பெட்டியாலும் சிறிதாக்க முடியாது, பிடித்துத் தைத்தால்தான் உண்டு. முப்பத்தைந்து, நாற்பது வயதில், எடை பெரிதாக மாறாமல், கிள்ளினால் ஒரு விரல் கனம் மட்டும் வருகிற கைக்கு இந்த இயந்திரங்களால் ஓரளவு நன்மை கிடைப்பதை நானே பார்த்திருக்கிறேன். உங்களைப்போல் 30 கிலோவுக்கு மேல் இழந்தவர்கள் பணம் கட்டி ஆறு அமர்வும் முடித்துவிட்டு, ‘ஒன்றும் தெரியவில்லையே’ என்று வந்து உட்காருவதையும் பார்த்திருக்கிறேன். சென்ற ஆண்டுகளில் அப்படி வந்த ஒருவருக்குக் கையின் உள்பக்கம் வரிசையாகக் கரும்புள்ளிகள் இருந்தன. சூடு அளவு மீறியதால் வந்தவை. நம் நிறத்தோலில் சிறு தீப்புண்ணும் கருமையாக நின்றுவிடும். மங்க ஓராண்டு கூட ஆகும். ஊசிகளைத் தோலுக்குள் இறக்கி ரேடியோ அலையைச் செலுத்தும் மற்றொரு வகை இப்போது பரவலாகி வருகிறது. தீப்புண், தழும்பு, கொழுப்புக் கரைந்து குழி விழுதல், நரம்புச் சேதம் ஆகியவை அதில் நேர்ந்ததாக முறையீடுகள் வந்ததால், அதே அமெரிக்க நிர்வாகம் 2025 அக்டோபரில் பொது எச்சரிக்கை வெளியிட்டது. அது மருத்துவர் கையாள வேண்டிய கருவி. அழகுக்கலை நிலையத்தில் செய்துகொள்ளக்கூடியது இல்லை.

பாலி லாக்டிக் அமிலம், கால்சியம் ஹைட்ராக்சி அபடைட் ஆகிய ஊசிகள் தோலடியில் கொலாஜனைத் தூண்டுபவை. தோலின் மென்சுருக்கத்தைத் திருத்த அவை உதவலாம், சிலருக்கு முடிச்சு முடிச்சாகக் கட்டித்துப்போவதும் உண்டு. உங்கள் அளவு தொங்கலுக்கு அவை ஈடாகா. நூல் செலுத்தி இழுக்கும் முறையைக் கைக்கு நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

கொழுப்பைக் குறிவைக்கும் முறைகளைத் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். குளிரால் கொழுப்பை உறையவைக்கும் கருவிக்கு அமெரிக்காவில் 2016இல் மேற்கைக்கும் அனுமதி கிடைத்தது. ஆனால் அது கொழுப்பு மிகுந்து தோல் இறுக்கமாக உள்ளவர்களுக்கானது. அரிதாகச் சிலருக்குக் குளிர்வித்த இடத்தில் கொழுப்பு குறைவதற்கு மாறாகப் பெருத்துவிடுவதும் உண்டு. கொழுப்பைக் கரைக்கும் ஊசியாக டியாக்சிகோலிக் அமிலத்துக்கு அங்கே 2015இல் கிடைத்த ஒப்புதல் தாடையின் அடிப்பகுதிக்கு மட்டும். கைக்கு ‘கரைப்பு ஊசி’ போடுகிறோம் என்று யாராவது சொன்னால் மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். லைபோசக்‌ஷன் நல்ல சிகிச்சை. மரத்துப்போகும் மருந்தையும் இரத்தக் கசிவைக் குறைக்கும் மருந்தையும் உப்புநீரில் கலந்து நிறையச் செலுத்திக் கொழுப்பை உறிஞ்சும் முறை 1987இல் வெளியானதிலிருந்து அது பாதுகாப்பானதாகவும் ஆகியிருக்கிறது. மீளும் தன்மை குறையாத தோலுக்கு அது பொருந்தும். தளர்ந்த தோலுக்கு அதை மட்டும் செய்வது பெருந்தவறு. சில ஆண்டுகளுக்கு முன் தென்காசிப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை வந்தார். வேறோர் ஊரில் கையில் கொழுப்பை மட்டும் உறிஞ்சியிருந்தார்கள். உள்ளே இருந்த நிரப்பும் போய், காற்றிறங்கிய பைபோலத் தோல் முன்பைவிட அதிகமாகத் தொங்கியது. கடைசியில் அவருக்கும் தோலை வெட்டித் தைக்கத்தான் வேண்டியிருந்தது. ஒரு செலவு இரண்டு செலவானது.

மேற்கைத் தோலை வெட்டியெடுத்துத் தைக்கும் அறுவைக்குப் பிராக்கியோபிளாஸ்டி என்று பெயர். கையின் தோற்றத்தைத் திருத்தும் நோக்கில் இதை 1954இல் அர்ஜென்டீனாவின் மருத்துவர்கள் விவரித்து எழுதினார்கள். எழுபது ஆண்டுகளாகப் பல கைகள் பட்டுத் திருந்தி வந்த முறை இது. தொங்கல் அக்குளை ஒட்டி மட்டும் இருந்தால் அக்குள் மடிப்புக்குள்ளேயே வெட்டி முடித்துவிடலாம், தழும்பு மறைந்திருக்கும். உங்களுடையதுபோல் முழங்கை வரை ஓடினால் அக்குளிலிருந்து முழங்கை அருகே வரை நீளமாக வெட்டாமல் முடியாது. மயக்க மருந்து கொடுத்து இரண்டு கைக்கும் சேர்த்து இரண்டிலிருந்து மூன்று மணி நேரம் ஆகும். மறுநாள் வீட்டுக்குப் போகலாம். தழும்பைக் கையின் உட்பக்கத்தில் வைப்பதா, பின்பக்கத்தில் வைப்பதா என்பது மருத்துவருக்கு மருத்துவர் மாறும். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது உட்பக்கத் தழும்பு உடலை ஒட்டி மறைகிறது என்பதால் நான் அதையே விரும்புகிறேன். ஆனால் கையைத் தூக்கிக் கும்பிடும்போது அது தெரியும். முன்கூட்டியே உங்கள் கையில் பேனாவால் கோடு போட்டுக் கண்ணாடியில் காட்டச் சொல்லுங்கள். அந்தக் கோட்டை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க முடிகிறதா என்று யோசித்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள்.

தழும்பைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன். ஏனெனில் இந்த அறுவையில் நீங்கள் கொடுக்கும் விலை அதுதான். முதல் மூன்று, நான்கு மாதங்கள் தழும்பு சிவந்து, தடித்து, அரித்து, முன்பைவிட மோசமாவதுபோலத் தோன்றும். பலர் அந்தக் கட்டத்தில் மனம் உடைந்து என்னைக் கூப்பிடுகிறார்கள். அதன்பின் மெல்ல மெல்லத் தட்டையாகி, வெளிற ஓராண்டு, சிலருக்கு ஒன்றரை ஆண்டு ஆகும். கோடு அகலமாகிவிடுவது இந்த அறுவையில் அடிக்கடி நேர்வது. உங்கள் தோல் எப்படித் தழும்பேறும் என்பதற்கு உங்கள் உடம்பிலேயே சாட்சிகள் இருக்கின்றன. இடது தோளில் குழந்தையாக இருந்தபோது போட்ட பி.சி.ஜி. ஊசித் தழும்பு, காது மூக்கு குத்திய இடம், இரைப்பை அறுவையின் சிறு துளைத் தழும்புகள், சிசேரியன் செய்திருந்தால் அந்தக் கோடு ஆகியவற்றைத் தடவிப் பாருங்கள். அவை தட்டையாக இருந்தால் நல்ல அறிகுறி. காயத்தின் எல்லையைத் தாண்டிப் பரவி, உருண்டு, அரித்துக்கொண்டிருக்கும் தழும்பு கீலாய்டு. அது உடம்பில் எங்கிருந்தாலும் முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் காட்டுங்கள். பி.சி.ஜி. போடும் தோள்பகுதி இயல்பாகவே கீலாய்டு வரும் இடம், கையின் உட்பக்கம் அந்த அளவுக்கு இல்லை. ஆகவே அந்த ஒரு தழும்பை வைத்து மட்டும் நான் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. ஆனால் பல இடங்களில் கீலாய்டு உள்ளவருக்கு இந்த அறுவை வேண்டாம் என்றே சொல்வேன். தடித்த தழும்புக்குச் சிலிக்கான் ஜெல்லும், தேவைப்பட்டால் டிரையாம்சினோலோன் என்னும் ஸ்டீராய்டு ஊசியும் உதவும். சிலிக்கான் தகடு ஒட்டுவதை நம் ஊர் வெயிலில் நான் குறைத்துக்கொண்டேன். வியர்த்து வேர்க்குரு கண்டுவிடுகிறது, ஜெல் அந்தத் தொல்லை தருவதில்லை.

மற்ற சிக்கல்களையும் மறைக்கக்கூடாது. தையலுக்கடியில் நீர் கோத்துக்கொள்வது, அக்குள் அருகே தையல் சிறிது விட்டுப்போவது, கிருமித்தொற்று ஆகியவை அரிதானவை அல்ல. பெரும்பாலும் கட்டு மாற்றிச் சமாளித்துவிடலாம். கையின் உட்பக்கம் முன்கைக்கு உணர்ச்சி தரும் ஒரு நரம்பு, பெரிய சிரையை ஒட்டி ஓடுகிறது; அது அடிபட்டால் முன்கையின் உட்புறம் மரத்துப்போகும், சிலருக்கு நெடுநாள் குத்தலும் இருக்கும். நிணநீர் தேங்கிக் கை வீங்குவது அரிது. ஆயினும் மார்பகப் புற்றுக்காக அக்குளின் நிணநீர்க் கணுக்களை அகற்றியவர்கள் அந்தக் கையில் இந்த அறுவையைத் தவிர்க்க வேண்டும். என் தொடக்க ஆண்டுகளில், ஒருவருக்கு இன்னும் இறுக்கமாக வரட்டும் என்று அளவுக்கு மீறித் தோலை எடுத்துவிட்டேன். அறுவை நடக்கும்போதே கை வீங்குவதால் ஓரங்கள் சேர மறுத்தன. இழுத்துத் தைத்தேன், பத்தாம் நாள் அக்குள் பக்கம் விட்டுப்போனது. ஆறு வாரம் கட்டுப் போட்டு ஆறியது, தழும்போ விரல் அகலம். அன்றிலிருந்து சிறிது சிறிதாக வெட்டி, உடனுக்குடன் தைத்துக்கொண்டே போகிறேன்; இழுவிசை தோலில் விழாமல் ஆழத்துச் சவ்வு தாங்கும்படி தைக்கிறேன். நீங்கள் போகும் மருத்துவர் ‘எவ்வளவு முடியுமோ அவ்வளவு இறுக்குகிறேன்’ என்றால் மகிழ வேண்டாம்.

அறுவைக்கு உடல் ஆயத்தமா என்பது அடுத்தது. எடை ஆறு மாதமாவது நிலையாக இருக்க வேண்டும், உங்களுக்கு இருக்கிறது. இரைப்பை அறுவைக்குப்பின் இரத்தச் சோகையும், வைட்டமின் பி12, இரும்பு, புரதக் குறைவும் சத்தமில்லாமல் வரும். அவற்றைச் சரிசெய்யாமல் கத்தி வைத்தால் தைத்த இடம் ஒட்டி ஆறாது. முன்பு சர்க்கரை இருந்திருந்தால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனையை மீண்டும் பாருங்கள். 7 சதவீதத்துக்கு அருகில் இருப்பது நல்லது. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் நம் பக்கம் பெண்களிடமும் உண்டு. புகையிலை எந்த வடிவில் உள்ளே போனாலும் தோலுக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். குறைந்தது நான்கு வாரம் முன்பே அடியோடு நிறுத்த வேண்டும். இந்தியாவில் 2025இல் அறிமுகமான டிர்செபடைடு போன்ற எடைகுறைப்பு ஊசிகளைப் போட்டுக்கொள்பவர்கள் அதை மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அவை இரைப்பை காலியாவதைத் தாமதிக்கச் செய்பவை.

செலவைப் பற்றியும் இரண்டு வார்த்தை. மருத்துவக் காப்பீடு அழகுக்கான அறுவையை ஏற்காது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்புக்கே விலக்கு உண்டு. அழகுச் சிகிச்சைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் சேரும் என்பதால், மருத்துவர், மயக்க மருத்துவர், அறுவை அரங்கு, அழுத்த உடை, வரி என்று பிரித்து எழுதிய மதிப்பீட்டை முன்பே கேட்டு வாங்குங்கள். அறுவை செய்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான பட்டம் பெற்றவராகவும், இயந்திரச் சிகிச்சை தருபவர் தோல் மருத்துவத்தில் எம்.டி., டி.என்.பி. அல்லது பட்டயம் பெற்றவராகவும் இருக்கட்டும். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். ‘காஸ்மெட்டாலஜிஸ்ட்’ என்று பலகையில் எழுதியிருப்பதால் மட்டும் ஒருவர் மருத்துவர் ஆகிவிட மாட்டார். முன்-பின் படங்கள் காட்டினால், இரண்டிலும் கை ஒரே உயரத்தில், ஒரே வெளிச்சத்தில் இருக்கிறதா, பின் படம் ஓராண்டு கழிந்து எடுத்ததா என்று பாருங்கள்.

இந்த வயதில் இது தேவையா என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டதற்கு, அவரும் படிக்கும்படி எழுதுகிறேன். மருத்துவத் தேவை என்று பார்த்தால், மடிப்புக்குள் வியர்வை தங்கிப் படையோ புண்ணோ திரும்பத் திரும்ப வந்தால் அது ஒரு காரணம். அப்படி எதுவும் இல்லையென்றால் உடல்நலத்துக்காக இந்த அறுவை அவசியமில்லை. ஆனால் 33 கிலோவைக் குறைக்க ஒருவர் பட்ட பாடு சிறிதன்று. அத்தனை பாடுபட்டு மீட்ட உடம்பு கண்ணாடியில் பழைய உடம்பையே நினைவூட்டுகிறது என்றால் அந்த வருத்தம் மெய்யானது. வயதைக் காட்டி அதைத் தள்ளுவதற்கில்லை. ஆலங்குளம் பக்கம் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றும் ஒரு பெண், ஐம்பத்திரண்டு வயதில், தன் சேமிப்பில் வந்து செய்துகொண்டார். தழும்பு அவருக்கு அகலமாகவே ஆறியது; எனக்கு அதில் நிறைவில்லை. அவரோ, கை இப்போது தன் கைபோல இருக்கிறது என்றார். அதே தழும்பைக் கண்டு வேறொருவர் அழுதிருக்கக்கூடும். உங்கள் மனம் இந்த இரண்டில் எந்தப் பக்கம் என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும். செய்துகொள்ளாமல் இருப்பதும் முழு மரியாதைக்குரிய முடிவே.

செய்துகொள்வதென்று முடிவெடுத்தாலும் தை மாதத்துக்குள் வேண்டாம் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. இப்போது செய்தால் திருமண நாளில் தழும்பு மிகச் சிவந்த கட்டத்தில் இருக்கும். அறுவைக்குப்பின் நான்கிலிருந்து ஆறு வாரம் அழுத்த உடை அணிய வேண்டும். கனம் தூக்கக்கூடாது, பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்து நிற்கக்கூடாது, கையைத் தலைக்குமேல் இழுத்து நீட்டக்கூடாது. வீடு வீடாக அழைப்பு வைத்து, பாத்திரமும் பண்டமும் எடுத்துவைக்கும் பெண்ணின் தாய்க்கு அது நடக்கிற காரியமா? திருமணம் முடிந்த கையோடு செய்தால் பங்குனி, சித்திரை வெயிலில் அந்த அழுத்த உடையைப் போட்டுக்கொண்டு தவிப்பீர்கள். ஆனி, ஆடியில் சாரல் அம்பாசமுத்திரம் வரை இறங்கியிருக்கும். ஆடியில் விசேஷ வீடுகளும் குறைவு, தலை ஆடிக்கு மகளும் வந்து கூட இருப்பாள். அதுவரை கைப்பயிற்சியையும் புரதத்தையும் விடாதீர்கள். வைகாசியில் இரத்தச் சோதனைகளை எடுத்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் சர்ஜனை நேரில் பாருங்கள். திருமணத்துக்கான ஜாக்கெட்டை முழங்கைக்குச் சற்று மேலே நிற்கும் கையோடு, உள்ளே மெல்லிய பருத்தி லைனிங் வைத்து, கையைத் தொங்கவிட்டு ஒருமுறையும் தூக்கி ஒருமுறையும் அளவெடுத்துத் தைக்கச் சொல்லுங்கள்.